இவருக்குப் பதில் இவர்

என் கடைக்குப் படம் கொண்டு வருகிறவர்களிடம், இவர் இருக்கிறாரா இறந்துவிட்டாரா என்று நான் கேட்பதில்லை. "கொக்கி வைக்கணுமா?" என்று மட்டும் கேட்பேன். ஃப்ரேமின் மேல் மூலைகள் இரண்டிலும் மாலை மாட்டுவதற்காக அடிக்கிற சின்னப் பித்தளைக் கொக்கி அது. கல்யாணப் படத்துக்கும் பட்டம் வாங்கிய படத்துக்கும் கொக்கி கிடையாது. சாமிக்கு உண்டு, செத்தவருக்கு உண்டு. சாமியைப் பார்த்தாலே தெரிந்துவிடும் என்பதால் கேள்வி மற்றவர்களுக்கு மட்டும்தான். "ஆமா பாய்" என்று சொல்லிவிட்டு அவர்கள் தெருவைப் பார்ப்பார்கள். நான் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு குனிந்துகொள்வேன். செங்கல்பட்டில் இத்தனை வருஷம் ஃப்ரேம் கடை நடத்தியதில் நான் கற்றுக்கொண்ட மரியாதை இவ்வளவுதான்.

ஒரு நாள் ஒருவர் என் கடை வாசலில் ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் பைக்கை நிறுத்திவிட்டு, உறையிலிருந்து பெரிய படம் ஒன்றை உருவி மேஜையில் வைத்தார். படத்தில் ஒரு நடுவயது ஆள். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சிரிக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யாத வாய். நான் வழக்கப்படி கேட்டேன்.

"கொக்கி வைக்கணுமா?"

"கண்டிப்பா பாய். கொக்கி, கீழ சின்னதா ஒரு பல்பு, எல்லாம் வெச்சிடு."

"அண்ணனா உங்களுக்கு?"

"இன்னா பாய், மூஞ்சப் பாத்தா தெர்ல? நான்தான்."

நிமிர்ந்து பார்த்தேன். முடிவு செய்யாத அதே வாய் எதிரில் நின்றுகொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பும் வரவில்லை, பயமும் வரவில்லை. அளவு நாடா மட்டும் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது.

அப்படித்தான் அவர் எனக்குப் பழக்கமானார். என் கடைக்குப் பின்னால் இரண்டு தெரு தள்ளி வீடு. மனைவி கருங்குழிக்காரர். பிள்ளைகள் இல்லை. அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினாலும் ஊரில் பாதிப் பேருக்கு அது யார் என்று தெரியாது. "போட்டோ" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

தொழில் நடிப்பு. நடிப்பு என்றால் வசனம் பேசுவது என்று நினைத்துவிடக் கூடாது. இருபது வருஷத்துக்கு மேல் பிணமாக நடித்தவர் அவர். கொலை நடந்த வீட்டுக் கூடத்தில் கிடப்பார், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடப்பார், மாமல்லபுரத்துக் கடற்கரை மணலில் குப்புறக் கிடப்பார். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இருக்கிற வாடகை பங்களாக்களில் எங்கே படப்பிடிப்பு நடந்தாலும், பிணம் வேண்டும் என்றால் முதல் போன் அவருக்குத்தான் வரும். காரணம், அவர் அசைய மாட்டார். மற்றவர்கள் படுத்தால் வயிறு ஏறி இறங்கும், இமை துடிக்கும். இவர் முகத்தில் ஈ உட்கார்ந்து ஊர்வலம் போனாலும் ஒன்றும் ஆகாது.

ஒரு தடவை கடற்கரையில் இவரைப் படுக்கவைத்துக் காட்சி எடுத்தார்கள். எடுத்து முடித்ததும் எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இவரை எழுப்ப யாருக்கும் நினைவில்லை. பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் விற்கிற அம்மா ஒருவர் வந்து பார்த்து, கூடையைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடிய பிறகுதான் இவர் எழுந்து மணலைத் தட்டினாராம்.

"ஏன் அப்பவே எழுந்திரிக்கல?" என்று கேட்டேன்.

"'கட்' சொன்னாங்களா இல்லியான்னு எனக்குக் கேக்கல பாய். அசைஞ்சா ரீடேக்."

இந்த "அசைஞ்சா ரீடேக்" என்ற வார்த்தை அவர் வாயில் எப்போதும் இருந்தது. சலூனில் கத்தி கழுத்துக்கு வரும்போது சொல்வார். ஊசி போட நர்ஸ் கையைப் பிடிக்கும்போது சொல்வார். நான் கண்ணாடி வெட்டும்போது என் முழங்கையைப் பார்த்துச் சொல்வார். மின்சாரம் போய் எல்லோரும் விசிறியைத் தேடுகிற வெயிலில் இவர் மட்டும் ஸ்டூலில் அப்படியே உட்கார்ந்திருப்பார். ஆடினால்தான் வேர்க்கும் என்பது அவர் கட்சி. கடைக்கு வருகிற சிலர் அவரையும் விற்பனைக்கு வைத்த பொம்மை என்று நினைத்துப் பக்கத்தில் போய்ப் பார்ப்பார்கள். அவர் கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்ததும் துள்ளுவார்கள். அதில் அவருக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நான் ஃப்ரேம் போட்டுக்கொடுத்த அந்தப் படம் ஒரு டிவி சீரியலுக்கு. கதாநாயகியின் கணவர் ஆரம்பத்திலேயே செத்துப்போகிறார். அதற்குப் பிறகு கதை முழுக்க அவர் சுவரில் மாலையோடு தொங்குகிறார். தினமும் சாயங்காலம் ஏழரைக்கு அந்தம்மா படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, பொட்டு வைத்து, நடந்த அநியாயத்தையெல்லாம் சொல்லி அழுவார். கேமரா படத்தின் கிட்டே போகும். சில நாள் அவர் முகம் கண்கலங்குவது போலக்கூட இருக்கும். அது என் கண்ணாடியில் விழுந்த லைட்.

எங்கள் வீட்டில் இறந்தவர் படத்தை மாட்டும் வழக்கமில்லை. மாட்டாத வீட்டுக்காரன் மாட்டுகிறவர்களை நம்பிப் பிழைக்கிறேன் என்று என் மனைவி சொல்லிக் காட்டுவாள். அவளும் அந்த சீரியலைப் பார்த்தாள். "உங்க ஃப்ரேமு வருது பாருங்க" என்று கூப்பிடுவாள். நானும் போய் என் கொக்கியைப் பார்த்துவிட்டு வருவேன்.

அந்தப் படம்தான் அவரை நடிகர் ஆக்கியது. பஸ்ஸில் பெண்கள் அவருக்கு எழுந்து இடம் கொடுத்தார்கள். திருப்போரூர் கோயிலில் கிருத்திகை கூட்டத்தில் ஒரு அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன இப்டி அநியாயமா சாவடிச்சிட்டானே அந்தப் பாவி, நல்லா இருப்பானா அவன்?" என்று கண்ணைத் துடைத்தாராம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை வேறு எப்போதும் நான் பார்த்ததில்லை. இருபது வருஷம் குப்புறப் படுத்தவருக்கு ஒரு முகம் கிடைத்திருந்தது.

வண்டிப் பந்தயம் அதற்குப் பிறகு வந்தது. திருப்போரூருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனி மனை போட்டு விற்பதற்காக நீளமாக ஒரு தார் ரோடு போட்டது. மனை வாங்க ஆள் வரவில்லை. ரோடு மட்டும் ஒரு வளைவு இல்லாமல் ஓடிப் பனந்தோப்பில் முடிந்தது. அதை வாடகைக்கு எடுத்து, போலீஸ் அனுமதி வாங்கி, சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் டிராக் ரேஸ் நடத்தினார்கள். இரண்டு வண்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். எதிரே ஒரு கம்பத்தில் மஞ்சள் விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக எரிந்து இறங்கும். கடைசியில் பச்சை. பச்சை வந்ததும் பறக்க வேண்டும், முதலில் எல்லைக் கோட்டைத் தொட்டவர் ஜெயித்தவர். பச்சைக்கு முன்னால் சக்கரம் கொஞ்சம் நகர்ந்தாலும் ஆட்டம் அவுட். அவ்வளவுதான் விளையாட்டு, மூச்சு விட்டு வாங்குவதற்குள் முடிந்துவிடும்.

இவர் மாமல்லபுரத்தில் ஷூட்டிங் முடித்துத் திரும்பும்போது அங்கே வேடிக்கை பார்க்க நின்றிருக்கிறார். யாரோ அடையாளம் கண்டு, "இன்னா அண்ணாத்த, செத்தும் வண்டி ஓட்றியா? வா, ஒரு ரவுண்டு ஓட்டு" என்று கிண்டல் பண்ணியிருக்கிறார்கள். இவர் ஷூட்டிங்குக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிற அந்த டூ ஸ்ட்ரோக்கைக் கொண்டுபோய் நிறுத்தினார். முதலில் வந்தார். இன்னொருவர் வந்தார், அவரையும் ஜெயித்தார்.

எப்படி என்று நான் கேட்டேன். வண்டியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன்.

"அந்தப் பசங்க பச்ச வர்றதுக்கு முன்னாடியே மனசால பூட்றாங்க பாய். ஒடம்பு ஆடுது, கை ஆடுது. அப்றம் பயந்து அடக்கிக்கிறாங்க. அதுக்குள்ள பச்ச வந்துடுது. நான் பச்ச வர்ற வரைக்கும் செத்துக் கெடக்கறேன். அவ்ளோதான் வித்தியாசம்."

அச்சரப்பாக்கத்து மெக்கானிக் ஒருவர் அவரோடு சேர்ந்துகொண்டார். வண்டியின் பின்சக்கரத்தை நீட்டி, உயரத்தைக் குறைத்து, என்னென்னவோ செய்தார். கோயம்புத்தூர், பெங்களூர், ஹைதராபாத் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். தலை நரைத்த ஆள், இளவட்டங்களை வரிசையாக வீட்டுக்கு அனுப்புகிற வீடியோ எல்லோர் போனிலும் வந்தது. மைக் பிடிக்கிறவருக்கு அவர் பெயரே ஒரு விருந்து. இவர் கோட்டைத் தொடும்போதெல்லாம் "போட்டோ ஃபினிஷ்!" என்று அலறுவார். கூட்டம் விசிலடிக்கும். டீக்கடையில் அவரோடு செல்ஃபி எடுக்க வரிசை நின்றது.

நான் ஒரே ஒரு தடவைதான் பார்க்கப் போனேன். வெயிலில் தாரும் ரப்பரும் ஆயிலும் சேர்ந்து ஒரு வாடை. பக்கத்து வண்டிக்காரன் ஆக்ஸிலேட்டரை முறுக்குகிறான், கழுத்தைச் சொடுக்குகிறான், கையை உதறுகிறான். இவர் பெட்ரோல் டாங்க்கின் மேல் நெஞ்சு பதிய, ஹெல்மெட் முன்னால் குனிந்து, கிடந்தார். உட்கார்ந்திருந்தார் என்று சொல்லத் தோன்றவில்லை. சுற்றிலும் அத்தனை சத்தத்தில் அந்த ஒரு இடம் மட்டும் அடங்கிக் கிடந்தது. பிறகு ஆளைக் காணோம், புகை மட்டும் இருந்தது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அந்த மாதிரி அசையாமல் இருக்கிறவர்களைத் தொழிலில் தினமும் பார்க்கிறேன், ஞாயிற்றுக்கிழமையும் எதற்கு என்று இருந்தது. மறுபடி போகவில்லை.

ஜெயித்தவருக்கு மாலை போடுவார்கள். இவர் கழுத்தை நீட்ட மாட்டார். கையில் வாங்கி வண்டியின் ஹெட்லைட்டுக்குப் போட்டுவிடுவார்.

"வூட்ல சத்தியம் பண்ணிக் குடுத்துக்கீறேன் பாய். மாலையோட போட்டோ எடுத்துக்க மாட்டேன்னு. ஏற்கனவே ஒண்ணு தொங்குது இல்ல, அதுவே அவளுக்குப் பேஜாரு."

அது எவ்வளவு பேஜார் என்பது ஃப்ளெக்ஸ் வைத்த அன்று தெரிந்தது.

ஹைதராபாத்தில் பெரிய ஆட்டம் ஒன்றை ஜெயித்துவிட்டு அவர் ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார். எங்கள் தெரு இளைஞர்கள் சேர்ந்து பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். பந்தயப் படங்களில் எல்லாம் ஹெல்மெட் இருந்ததால், ஊருக்குத் தெரிந்த முகமான சீரியல் படத்தையே பெரிதாகப் போட்டார்கள். கீழே "மின்னல் வேகத்தில் சென்றவரே" என்று எழுதினார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆசை மிகுந்த ஒருவர் பூக்கடையிலிருந்து ரோஜா மாலை வாங்கி வந்து ஃப்ளெக்ஸுக்குப் போட்டுவிட்டார்.

காலையில் பஸ்ஸில் போனவர்கள் படத்தைப் பார்த்தார்கள், மாலையைப் பார்த்தார்கள், "சென்றவரே" என்பதைப் படித்தார்கள். வேகமாக வண்டி ஓட்டுகிற ஆள் வேறு. மதியத்துக்குள் அவர் வீட்டு வாசலில் செருப்பு நிறைந்துவிட்டது. அச்சரப்பாக்கத்திலிருந்து வந்த அவருடைய அத்தை, தெருமுனையில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே தலைமுடியை அவிழ்த்து மாரில் அடித்துக்கொண்டு வந்தார். ரயிலில் போன் சார்ஜ் போயிருந்ததால் அவருக்கு ஒன்றும் தெரியாது. பையோடு வந்தவர் தன் வீட்டு வாசலில் தனக்காக நடக்கிற ஒப்பாரியைப் பார்த்துவிட்டு, வழக்கம்போல அசையாமல் நின்றார். அத்தை திரும்பிப் பார்த்து அப்படியே மயங்கி விழுந்தார்.

ஊர் இதைச் சொல்லிச் சொல்லி ஒரு மாதம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அன்று காலையிலிருந்து அவர் வந்து நிற்கிற வரைக்கும் அந்த அம்மாள் விதவையாக இருந்திருக்கிறார். ஃப்ளெக்ஸ் இருந்த இடத்துக்குத் தானே போய், மாலையை அறுத்துச் சாக்கடையில் எறிந்துவிட்டு, நேராக என் கடைக்கு வந்தார். அதுவரை அவர் என் கடைப்படி ஏறியதில்லை.

"பாய், அந்தப் போட்டோவ எறக்கணும்."

"ஃப்ளெக்ஸையா?"

"டிவில தொங்குதே, நீங்க ஃப்ரேம் போட்டது, அத்த. ஏழரைக்கு எவளோ ஒருத்தி அவுருக்கு வெளக்கேத்தி அழுவுறா. அதே ஏழரைக்கு நான் அவுருக்குத் தோசை ஊத்திகினு கீறேன். வண்டி ஓட்டாத காலத்துல சிரிச்சிகினு இருந்தேன். இப்போ கரண்டி கையில நிக்கல பாய். தெனம் வெளக்கேத்தி ஏத்திக் கூப்பிட்டா, ஒரு நாளைக்குப் போவ மாட்டாரா?"

எனக்கு இந்த மாதிரி நம்பிக்கை எதுவும் இல்லை. ஆனாலும் கடையைச் சாத்தினேன். என் மனைவியையும் கூட்டிக்கொண்டு அவரை மாமல்லபுரத்தில் சீரியல் எடுக்கிற பங்களாவுக்கு அழைத்துப் போனேன்.

பங்களாவின் கூடத்துச் சுவரில் படம் தொங்கியது. பிளாஸ்டிக் மாலை, எரியாத பல்பு. கீழே வெள்ளைப் புடவை நடிகை நாற்காலியில் உட்கார்ந்து நாஸ்தா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் யார் என்று தெரிந்ததும் தட்டை வைத்துவிட்டு எழுந்து, "உக்காருங்கக்கா" என்று தன் நாற்காலியைக் கொடுத்தார். இவர் உட்காரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

செட் சாமான்களைப் பார்த்துக்கொள்கிற ஆள், தலைக்குச் சாயம் போட்ட பெரியவர், என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இன்னா பாய் நீ, விளையாட்றியா? எத்தினி எபிசோடு ஓடியிருக்கு. நாளைக்கே வேற மூஞ்சி தொங்கினா ஜனங்க செருப்பால அடிப்பாங்க. கன்டினியூட்டின்னு ஒண்ணு கீது பாய். இவரு மூஞ்சிதான் கதையே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த அம்மாள் ஒரே ஒரு வார்த்தை பேசினார். "அவுரு நெத்திக்கு என்னவிட அவ நல்லாப் பொட்டு வெச்சிக்கீறா."

அவரிடமே பேசிப் பார்த்தேன். நீங்களே போய்க் கேட்டால் ஒருவேளை மாற்றுவார்கள் என்றேன்.

"ரேஸ்ல எனக்கு மூஞ்சி இல்ல பாய், ஹெல்மெட்டு. அதுக்கு முன்னாடி குப்புறக் கெடந்தேன். என் மூஞ்சின்னு ஜனத்துக்குத் தெரிஞ்சது அந்தப் போட்டோ ஒண்ணுதான். அத்தயும் எறக்கிட்டா நான் நடிச்சேன்றதுக்கு இன்னா கீது சொல்லு? சீரியல் முடியட்டும். நானே கொண்டாந்து அவ கையில குடுத்துடறேன், கிழிக்கட்டும், எரிக்கட்டும்."

ரேஸை விடுங்களேன் என்றேன். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்தார். சீரியல் முடியட்டும் என்று மனைவியிடமும் சொன்னார். தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அந்த அம்மாள் முடிகிற நாளுக்காகக் காத்திருந்தார். சீரியல் முடியவில்லை. நன்றாக ஓடுகிறது என்று நீட்டினார்கள், கதாநாயகியின் மகளுக்குக் கல்யாணம் வந்தது, அந்தக் கல்யாணத்தில் குழப்பம் வந்தது. ஒவ்வொன்றுக்கும் படத்துக்கு முன்னால் வந்து அழுதார்கள்.

அவர் இறந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், திருப்போரூர் ரோட்டில். வண்டி ஓடவே இல்லை.

நான் அங்கே இல்லை. வீடியோ வந்தது, பார்த்தேன். கோட்டருகில் இவர் வண்டி தயாராக நிற்கிறது. எதிராளி வண்டியில் ஏதோ கோளாறு, சரி செய்துகொண்டிருக்கிறார்கள். இவர் டாங்க் மேல் குனிந்து கிடக்கிறார். மெக்கானிக் கிட்டே வந்து, "அண்ணாத்த, கொஞ்சம் லேட்டாவும், எழுந்து தண்ணி குடி" என்கிறார். பதில் இல்லை. "இன்னா, அசைஞ்சா ரீடேக்கா?" என்று சொல்லிச் சிரிக்கிறார். சுற்றி நிற்கிறவர்களும் சிரிக்கிறார்கள். வண்டி ஒரு தடவை குலுங்கி, எஞ்சின் நின்று, மெதுவாக இடது பக்கம் சாய்கிறது. சாய்ந்த பிறகும் கொஞ்ச நேரம் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. மாரடைப்பு என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

போனை அணைத்துவிட்டு, கையில் இருந்த ஒரு கல்யாணப் படத்துக்கு அட்டை வெட்டினேன். அளவு சரியாக வந்தது. எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இவ்வளவு பழகிய ஆளுக்கு ஒன்றும் தோன்றவில்லையே என்றுகூட அப்போது தோன்றவில்லை. கடையைச் சாத்திவிட்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் அழுவதற்குக் கொஞ்சம் யோசித்தார்கள். ஏற்கனவே ஒரு தடவை ஏமாந்தவர்கள். அச்சரப்பாக்கத்து அத்தை குனிந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "மூச்சு வர்ற மாதிரி கீதே" என்றார். இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"வுடுங்க அத்த" என்றார் அவர் மனைவி. "இந்தத் தடவ இல்ல."

அவரும் அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார், கொடுத்த காபியைக் குடித்தார்.

காரியத்துக்குப் படம் வேண்டும். வீட்டில் தேடினார்கள். கல்யாணப் படத்தில் இருப்பது மீசை முளைக்காத வேறு யாரோ. மற்றதெல்லாம் ஹெல்மெட், புகை, கோப்பையைத் தூக்கிப் பிடித்த கை. இருபது வருஷப் பிணப் படங்களில் முகம் மண்ணில், இல்லையென்றால் போர்வைக்குள். செல்ஃபிகளில் அவரைவிடப் பக்கத்தில் நின்றவர்கள் பெரிதாக இருந்தார்கள்.

"அந்தப் போட்டோ வேணாம் பாய்" என்று அவர் மனைவி என்னிடம் ஆள் விட்டுச் சொன்னார். "வேற எதுனா பாருங்க." நான் பார்த்தேன். வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அந்த வாரமே சாயம் போட்ட பெரியவர் என் கடைக்கு வந்தார். துணியில் சுற்றி என் ஃப்ரேமைக் கொண்டு வந்திருந்தார். கூடவே உறையில் ஒரு புதுப் படம்.

"நல்ல மனுசன் பாய், இன்னா பண்றது. இத்தப் பிரிச்சி உள்ள இத்தப் போட்டுக் குடு. நாளைக்கு ஷாட் கீது. டீ குடிச்சிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வந்து வாங்கிக்கறேன்."

"எதுக்கு?"

"சென்டிமென்ட் பாய். நெஜமாவே செத்தவர் போட்டோவ செட்டுல மாட்டக் கூடாதாம். அந்தம்மா வெளக்கேத்த மாட்டேன்றாங்க. சேனல்லயும் வேணாம்னுட்டாங்க."

"கன்டினியூட்டி?"

"அது இன்னா பெரிய விஷயம்? 'இவருக்குப் பதில் இவர்'னு ஒரு கார்டு போட்டா முடிஞ்சிது."

சீரியலில் நடிகர் மாறும்போது டிவியில் அப்படி ஒரு வரி போடுவார்கள். நாமும் பார்த்துவிட்டு அடுத்த நிமிஷம் மறந்துவிடுவோம். எனக்குக் கோபம் வந்தது. அந்த வாரம் முழுவதும் எனக்கு வந்த ஒரே உணர்ச்சி அதுதான். அன்றைக்கு அந்த அம்மாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இந்த ஒரு வரி எங்கே போயிருந்தது என்று கேட்க நினைத்தேன். டீ குடித்துவிட்டு வாருங்கள் என்றேன்.

ஃப்ரேமைக் கவிழ்த்து ஆணிகளைப் பிடுங்கினேன். கண்ணாடியில் அவர் நெற்றிக்கு நேராகக் குங்குமம் அப்பி அப்பிக் கெட்டியாகியிருந்தது. அடியில் விளக்குப் புகை. எல்லாவற்றுக்கும் கீழே படம் அன்றைக்கு வந்தது போலவே இருந்தது. கண்ணாடியைத் துடைத்து, புது ஆளைப் போட்டு மூடினேன். அவருக்கும் வெள்ளைச் சட்டை, விபூதி. உயிரோடு இருக்கிற ஒரு ஆள். வெளியே எடுத்த பழைய படத்துக்கு நல்ல தேக்கு நிறத்தில் வேறு ஃப்ரேம் போட்டேன். கொக்கி வைக்கவில்லை. அந்த அம்மாளிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருஷம் கேட்ட கேள்வி, அன்றைக்கு வாயில் வரவில்லை.

என் மனைவி போய்ச் சொல்ல, அந்த அம்மாள் வந்தார். இறங்கிடுச்சா என்று கேட்டார். இறங்கிவிட்டது என்றேன். படத்தை இரண்டு கையாலும் வாங்கி, வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேல் மூலைகளை விரலால் தடவினார்.

"கொக்கி வெக்கல?"

"நீங்க சொல்லலம்மா."

"வெச்சிடுங்க பாய்."

மேஜையில் வைத்து இரண்டு கொக்கியையும் அடித்தேன். கண்ணாடி அதிராமல் இருக்க அவர் ஃப்ரேமின் அடியை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்போதுதான் பக்கத்தில் துணி மேல் கிடந்த பழைய ஃப்ரேமைப் பார்த்தார்.

"இது யாரு?"

சொன்னேன். சென்டிமென்ட்டையும் சொன்னேன், கார்டையும் சொன்னேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அந்தப் புது முகத்தையே வெகுநேரம் பார்த்தார்.

"இவுருக்குப் பொண்டாட்டி கீறாங்களா பாய்?"

"தெரியலம்மா."

"இந்த ஃப்ரேம வாங்க அந்த ஆளு வருவாரு இல்ல, கேளுங்க. இருந்தாங்கன்னா சொல்லச் சொல்லுங்க. ஏழரைக்கு டிவிய அணைச்சிட்டுத் தோசை ஊத்தணும்னு."

கணவர் படத்தை முகம் உள்பக்கமாக இருக்கும்படி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் சாயம் போட்டவர் வந்ததும், புது ஆளுக்கு மனைவி இருக்கிறாரா என்று நான் கேட்டேன். அவர் ஃப்ரேமைத் துணியில் சுற்றிக்கொண்டே, "தெர்ல பாய், ஏன், எதுனா வேணுமா?" என்றார்.